பல்லில்லாத மணியும் நானூறு குரங்குகளும்

நீங்கள் யாரும் நம்பப் போவதில்லை. இருந்தாலும் சேர்வராயன் மலைமேல் சத்தியம் செய்துவிட்டுச் சொல்கிறேன்.

இன்று ஒண்டிக்கடை முக்கில் ஒரு கிழநாய் வெயில் காய்ந்து கிடந்தது. எண்பதுகளில் காப்பி எஸ்டேட்டில் நான் வளர்த்த மணி ஞாபகத்துக்கு வந்துவிட்டான்.

அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. வாயில் ஒரு பல் கிடையாது. மூட்டுவலிக்கு இதமாக, களத்தில் காயும் காப்பிக்கொட்டை மேல்தான் படுப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீயில் பன்னை நனைத்து ஊட்டுவேன்.

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டருக்கு அது ஆகாது. "ஏனுங்க, காப்பியெல்லாம் நாய் மசுரு! ஒண்ணுக்கும் ஒதவாத நாயி. நாளைக்கு இங்க கெடந்தா அடிச்சுத் தொரத்திருவனுங்க."

அன்று மதியமே பன்னைப் பறிக்கக் குரங்குப் படை இறங்கியது. நானூறு!

காப்பி கிளறும் பலகையால் நாற்பது மண்டைகளைப் பிளந்தேன். அறுந்த வால்கள் சில்வர் ஓக் மரங்களில் தொங்கின. ரத்தம் மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவாகத் திரும்பி அடிவாரத்துக் குப்பனூர் வரை ஓடியது. தலைவன் என் காதைக் கிழித்தான். நான் அவன் காதைக் கடித்தேன்.

ரைட்டர் ஓடி வந்தார். "யாருங்க தொரத்துனது?"

"நம்ம மணிதானுங்க."

"அதுக்குப் பல்லே இல்லீங்களே!"

"அதனாலதானுங்க ஒரு கொரங்கும் சாகல."

அவர் என் காதைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். "நொம்பப் பண்றீங்க. செரி, கெடக்கட்டும்."

நம்பாதவர்கள் கீழே கமெண்டில் சண்டைக்கு வரலாம். இன்னொரு காது மிச்சமிருக்கிறது.

குரங்குகள் மூன்றுதான். ஆனால் காது கிழிந்து நான் விழுந்ததும், எழவே முடியாத மணி எழுந்து வந்து குறுக்கே நின்று குரைத்தான். அது மட்டும் நிஜம்.