சாரதா ஆற்றில் ஒரு மேடு

எங்கள் டனக்பூரில் இமயமலை முடிந்து சாரதா ஆறு விரிகிறது. மழைக்கால வெள்ளம் உருட்டிவரும் கற்களை லாரியில் ஏற்றுவதுதான் கிமுலியின் பிழைப்பு. அங்கே கல் அள்ளிய அவள் கணவன் ஜோகாவைச் சில வருஷங்களுக்கு முன் ஒரு திடீர் வெள்ளம் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை.

"வேற வேலைக்குப் போயேண்டி," என்பாள் கூட வேலை செய்யும் தேவுலி.

"அவரு இங்கதானேக்கா இருக்காரு."

இந்தக் குளிர்காலத்தில் அவள் புரட்டிய கல்லுக்கடியில் ஜோகாவின் செப்புக்காப்பு தெரிந்தது, எலும்போடு. சொன்னால் போலீஸ் மூட்டைகட்டி எடுத்துப்போகும். சத்தமில்லாமல் கற்களைக் குவித்து மூடினாள். லாரி அந்தப் பக்கம் திரும்பியது.

"அண்ணே, வராதீங்க! புதைமணல், வண்டி மாட்டிக்கும்!"

அதன்பின் அங்கே யாரும் அள்ளவில்லை. சுற்றிலும் ஆறு பள்ளமாகிவிட்டது. அந்த மேடு மட்டும் நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் அடியில் யாரோ கல்லைத் தட்டுவது அவளுக்குக் கேட்கிறது.

"கேக்குது, கேக்குது," என்றபடி கூடையைத் தூக்குகிறாள்.