யாழினியைத் திருப்பிக் கொடுத்த அண்ணாமலையார்

ஒரு பிள்ளை குறைந்தது. மறுபடி எண்ணினேன். மறுபடியும் ஒரு பிள்ளை குறைந்தது.

போன தை மாதம் நடந்தது இது. நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீடு திருவண்ணாமலையில். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடலூர் பக்கம் உள்ள ஓர் அலையாத்திக் காட்டுக்கு ஒரு நாள் சுற்றுலா அழைத்துப் போயிருந்தோம். பாதிப் பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லை. "டீச்சர், கடலு நம்ம மலைய விடப் பெருசா?" என்று பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

படகில் எல்லாருக்கும் மிதவைச் சட்டை போட்டு, பட்டையை நானே இழுத்துப் பார்த்தேன். இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்த்திருந்தோம். தனியாகிவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று ஒரு வாரம் வகுப்பில் பழக்கியிருந்தோம். படகுப் பயணம் நல்லபடியாக முடிந்தது. பிறகு, காட்டுக்கு நடுவே மண் மேடாகப் போட்டிருந்த பாதையில் பறவை பார்க்க நடந்தோம். அப்போதுதான் பருவம் தப்பிய மழை கொட்டியது. எல்லாரும் கண்காணிப்புக் கோபுரத்தின் அடியில் ஓடி ஒதுங்கினோம்.

குறைந்தது யாழினி. அவளுடைய ஜோடி பவானி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்க கூட முன்னாடி ஓடிட்டான்னு நெனச்சேன் டீச்சர்."

யாழினிக்குக் காது கேட்காது. மிஷின் வைத்தால்தான் கொஞ்சம் கேட்கும். அவள் அம்மா செல்வி, தையல் கடையில் வேலை செய்பவள், காலையில் பஸ் அருகே வந்து என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். "தண்ணி பட்டா கெட்டுடும் டீச்சர். படகு கிட்ட போனதும் கழட்டி நீங்களே வெச்சிக்கங்க. எம்பொண்ணு உங்க பொறுப்பு." படகை விட்டு இறங்கியதும் திருப்பிக் கொடுக்க மறந்துபோன அந்த மிஷின் என் கைப்பையில்தான் இருந்தது.

விசில் ஊதினார்கள். பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள். யாருக்குக் கேட்கப் போகிறது? வனக் காவலர் ஒருவர் பாதை ஓரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "கடல் தண்ணி ஏறுது மேடம். தாழ்வான எடமெல்லாம் சீக்கிரம் முழுகிடும்." அவரும் எங்களோடு வந்திருந்த இன்னொரு ஆசிரியரும் ஆளுக்கொரு பக்கம் தேடி ஓடினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி வேர். கீழே நின்று பார்த்தால் மழையில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

செல்வியின் முகம் வந்து வந்து போனது. நின்ற இடத்திலேயே கைகூப்பினேன். சின்ன வயதிலிருந்து பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருபவள் நான். அதுவரை அவரிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. "அண்ணாமலையாரே, எனக்கு ஒண்ணும் தெரியல. என் புத்தி வேலை செய்யல. அந்தக் கொழந்தையைக் காட்டுப்பா." அவ்வளவுதான் சொன்னேன். மந்திரம்கூட வாயில் வரவில்லை.

சொன்னால் நம்புங்கள், அந்த நொடியில் நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. யாரோ தலையில் கை வைத்த மாதிரி இருந்தது. உடனே எங்கள் வகுப்பறை ஞாபகம் வந்தது. யாழினியைக் கூப்பிட நான் குரல் கொடுக்க மாட்டேன். லைட் சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவேன். அவள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள்.

"சார், உங்க கிட்ட பெரிய டார்ச் இருக்கா?" என்று கத்தினேன். காவலர் எடுத்துக் கொடுத்தார். கோபுரத்தின் மேலே ஓடினேன். வகுப்பில் செய்கிற மாதிரியே அணைத்து அணைத்துப் போட்டேன், ஒவ்வொரு பக்கமாகத் திரும்பி. மழை இருட்டில் வெளிச்சம் நன்றாகவே போனது. வடக்குப் பக்கம் திரும்பியபோது, மரங்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் துப்பட்டா ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது.

"அதோ! அதோ எம்பொண்ணு!" என் வாயில் அப்படித்தான் வந்தது.

காவலர் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய் அவளைத் தோளில் தூக்கி வந்தார். சொல்லிக் கொடுத்தபடியே இடத்தை விட்டு நகராமல், தண்ணீர் ஏறியதும் உயரமான ஒரு வேரின் மேல் ஏறி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அவளை அணைத்துக்கொண்டு அழுதேன். அவளோ என் கண்ணைத் துடைத்துவிட்டு, ஒரு கையைப் பெரிதாக விரித்துக் காட்டினாள். "நண்டு டீச்சர். ஒரு கை மட்டும் இவ்ளோ பெருசு!" அதைப் பார்க்கத்தான் பாதையை விட்டு இறங்கி நின்றிருக்கிறாள். பவானி அவள் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு, அப்புறம் ஊர் வரும்வரை கையை விடவில்லை.

அங்கிருந்தே செல்விக்குப் போன் செய்து எதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ, "நீங்க அழாதீங்க டீச்சர். சாப்ட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றாள். இன்றுவரை அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் மாறிப்போனேன். முன்பெல்லாம் எல்லாம் என் சாமர்த்தியம் என்று இருப்பேன். இப்போது பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகுமுன் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி அண்ணாமலையார் சன்னதியில் வேண்டிக்கொள்கிறேன். வேண்டிவிட்டேன் என்று சும்மாவும் இருப்பதில்லை. யாழினி போன்ற பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கூடவே நடக்கிறார். அந்த டார்ச் மாதிரி ஒன்று எங்கள் பையில் எப்போதும் உண்டு.

அடுத்த பௌர்ணமிக்கு யாழினியும் செல்வியும் என்னோடு மலை சுற்றினார்கள். வழியில் யாழினி என் கையை இழுத்துக் கேட்டாள். "அன்னிக்கி அவ்ளோ மழ சத்தத்துல சாமிக்கு நீங்க சொன்னது எப்படி டீச்சர் கேட்டுச்சி?"

நான் அவள் கையைப் பிடித்து மலையைக் காட்டினேன். கேட்டது, அது மட்டும் தெரியும். வீட்டுக் குழந்தைகள் வெளியே போனால் பயந்து சாகிற அம்மாக்களே, அப்பாக்களே, என்னைப் போன்ற ஆசிரியர்களே, உங்கள் பயத்தை அவரிடம் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வராவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் வரவில்லை.