பல்லில் பாடும் டப்பா

சிறுசேரி அலுவலகத்தில் குழந்தைகளுக்கான கையடக்க இசைப் பொம்மை ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று ஸ்பீக்கர் ஒயருக்கு ஈயம் வைத்தபோது எழுந்த புகை என்னைச் சின்ன வயதுக் குரோம்பேட்டை வீட்டுக்கு இழுத்துப் போனது.

சர்ச்சிலிருந்து வந்த அப்பா, வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், சோப்பு டப்பாவுக்குள் பழைய ரேடியோ ஸ்பீக்கரை ஈயம் வைத்துப் பொருத்திக்கொண்டிருந்தார். மூடியில் காலிங்பெல் பட்டன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். எல்லாம் காது மந்தமாகிக்கொண்டே வந்த என் தங்கை ஸ்டெல்லாவுக்காக.

"கேக்குதாம்மா?"

அவள் டப்பாவைத் தாடையில் அழுத்திக்கொண்டு, பட்டன்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். "கேக்கலப்பா. ஆனா இது பல்லுல பாடுது. இது தொண்டையில பாடுது."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "புகை கண்ணுல பட்டுடுச்சு" என்றார்.

அப்பா இப்போது இல்லை. டப்பாவும், பிறகு நாங்கள் குடிபோன பெருங்களத்தூர் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது போய்விட்டது. ஸ்டெல்லாவுக்கு இப்போது எதுவுமே கேட்காது. அவளை நினைத்துத்தான் இந்தப் பொம்மை நன்றாக அதிரும்படி செய்திருந்தேன்.

மேனேஜர் கையில் வாங்கிப் பார்த்தார். "என்ன சார், கிர்ருனு அதிருது. சீப்பா தெரியும். உள்ள ஸ்பாஞ்ச் வெச்சு அடக்கிடுங்க."

வைத்தேன்.

மதியம் ஸ்டெல்லாவிடமிருந்து மெசேஜ் வந்தது: "அண்ணா, முடிஞ்சுதா? பல்லுல பாடுதா?"

பொம்மையைத் தாடையில் அழுத்திப் பார்த்தேன். சத்தம் மட்டும் கேட்டது.