லிங்கசாமியின் ஹோல்ட்

கண்களை மூடிக்கொண்டு அட்டைப்பெட்டி அடுக்கின் முன்னால் நிற்கிறார் லிங்கசாமி. சட்டைப்பையில் இருக்கும் செல்போனில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் ஒரு பெண் குரல் ‘இன்ஹேல்’ என்கிறது. தொப்பையின் மேலிருக்கும் பித்தான் திணறுகிறது. குரல் ‘ஹோல்ட்’ என்றதும் இவரும் உரக்க ‘ஹோல்ட்’ என்கிறார். வாய்விட்டுச் சொன்னால்தான் நெஞ்சுக்குக் கேட்கிறதாம். சொல்லும்போதே பாதி மூச்சு போய்விடுவதை யாரும் அவரிடம் எடுத்துச் சொன்னதில்லை.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு அவர் குவாலிட்டி இன்சார்ஜ். அவர் வாயிலிருந்து ‘ஹோல்ட்’ வந்தால் சரக்கில் குறை என்று பொருள். ‘ரிலீஸ்’ என்றால்தான் பெட்டி நகரும். ஆகவே பேக்கிங் நஞ்சம்மாள் ஒட்டிக்கொண்டிருக்கும் டேப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவாள்.

“ஏனுங் சார், எந்த லாட்டுங்க?”

“லாட் இல்லீங் அம்மிணி, என்ற மூச்சு.”

“மூச்சுல என்ன டேமேஜுங்க?”

படபடப்புக்கு அவிநாசி டாக்டர் சொன்ன வைத்தியம் அது. அவருக்குக் கொஞ்சம் குறைந்தது, சுற்றியிருந்தவர்களுக்குக் கூடியது. தமிழில் சொல்லிப் பார்த்தார். ‘நிறுத்து’ என்றதும் தையல் மிஷின்கள் மொத்தமும் நின்றன. ஆங்கிலமே தேவலை என்று திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் தரப்பு இன்ஸ்பெக்டர் டேனியல் வந்தார். சரக்கு பாஸாகாவிட்டால் கப்பல் போய்விடும். கூடவே தன் வேலையும் போய்விடும் என்று லிங்கசாமிக்குத் தெரியும். கையெழுத்துப் போட டேனியல் பேனாவைத் திறந்தார். லிங்கசாமிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் பயிற்சியைத் தட்டிவிட்டது.

“ஹோல்ட்!”

பேனா நின்றது. “ஏனுங்க, உங்க சரக்க நீங்களே ஹோல்டுன்னா நான் எப்புடீங்க பாஸ் போடறது?”

குரல் இன்னும் மூச்சை விடச் சொல்லவில்லை. கன்னம் உப்பியபடி ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

நஞ்சம்மாள் குறுக்கே வந்தாள். “அது சரக்குக்கு இல்லீங் சார், நெஞ்சுக்குங்க. நீங்களும் ஒருக்கா இழுத்துப் பாருங்க. ஆ... புடிங்க, உட்றாதீங்க!”

பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் இழுத்துப் பிடித்தார்கள். வேறு வழி தெரியாமல் டேனியலும் பிடித்தார்.

‘ரிலீஸ்’ என்றது சட்டைப்பை.

டேனியலின் மூச்சோடு பேனாவும் இறங்கியது, கையெழுத்து விழுந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே பெட்டிகளைத் தள்ளினார்கள். முதல் பெட்டி லாரிக்குள் போய் விழும் சத்தம் கேட்கும் வரை லிங்கசாமி மட்டும் கன்னத்தையும் இறக்கவில்லை, விரலையும் இறக்கவில்லை.