ஆட்காட்டி விரலுக்கு ஒரு லேபிள்

பாலிடெக்னிக் முடித்த கையோடு சிவகாசியில் கம்ப்யூட்டரில் பிளான் வரைந்து தரும் ஓர் ஆபீஸில் சேர்ந்தேன். பட்டாசுக் கம்பெனிகள் லைசென்ஸுக்குக் கொடுக்கும் வரைபடங்கள்தான் அங்கே முக்கால்வாசி வேலை. மருந்து கலக்கும் அறை எங்கே, அதிலிருந்து அடுத்த அறை எவ்வளவு தள்ளி, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் கோடு பிசகாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். காலையில் ஆமத்தூரில் பஸ் ஏறும்போதே முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

வரைவது எனக்கு வந்தது. ஆனால் திரை நிற்கவில்லை. மவுஸின் நடுவில் ஒரு சக்கரம் உண்டல்லவா, அதை உருட்டினால் படம் கிட்டே வரும், தள்ளிப் போகும். நான் உருட்டவே மாட்டேன், ஆனாலும் உருளும். அடுத்த கோடு எங்கே என்று ஒரு நொடி யோசித்தால் போதும், மொத்தக் கம்பெனியும் புள்ளியாகச் சுருங்கிவிடும். இல்லையென்றால் ஒரே ஒரு கதவு திரை முழுக்க நிற்கும்.

தனியாக இருக்கும்போது சமாளித்துக்கொள்வேன். கம்பெனிக்காரர்கள் பின்னால் நின்று பார்க்கும்போதுதான் வம்பு. நாரணாபுரத்திலிருந்து ஒரு முதலாளி வந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏம் பாப்பா, எங் கம்பெனியத் தொட்டில்ல போட்டு ஆட்டுத மாதிரி இருக்கே. செத்த நிப்பாட்டு, தல சுத்துது.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆபீஸை நடத்தும் சார் மட்டும் சிரிக்கவில்லை. முதலாளி போன பிறகு என்னைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் திருத்தம் பார்க்க அவர் திரும்ப வருவார், அன்றைக்கும் இப்படியென்றால் நான் வாசல் பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு நல்லது செய்வது போலச் சொன்னார்.

பக்கத்து சீட்டில் வரையும் அண்ணன் சாஃப்ட்வேருக்குள் போய், ஜூம் ஆகும் வேகத்தை ஆகக் குறைத்து வைத்தார். தாவிக்கொண்டிருந்த படம் இப்போது ஊர்ந்தது. அது இன்னும் மோசம். தாவினால் தெரியும், ஊர்ந்தால் தெரியாது. ஒரு சுவரென்று நினைத்து அடுத்த சுவரைத் தொட்டுவிடுவேன். “மவுஸ் சரியாத்தான் இருக்கு தாயி, உன் விரல்ல பேட்டரி ஓடுது,” என்றார் அண்ணன்.

அவர் கேலியாகச் சொன்னது அன்று சாயங்காலம் வீட்டில் விளங்கியது. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து வந்து, தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு ஒரு பக்கம் போக, அவள் ஆட்காட்டி விரல் தரையைத் தடவிக்கொண்டே இருந்தது. மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. பிள்ளையை மடியில் போட்டிருந்த அக்காவைப் பார்த்தேன். அவள் விரலும் பிள்ளையின் நெற்றியில் அதே மாதிரி தடவிக்கொண்டிருந்தது. நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர்களோடு உட்கார்ந்து லேபிள் ஒட்டியவள்தான். தீப்பெட்டி மேல் லேபிளை வைத்ததும் விரலால் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். சுருக்கம் விழாமல் படிய வைக்க அதுதான் வழி. எங்கள் மூன்று பேருக்கும் விரல் சும்மா இருக்கும்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நான் சிரித்த சிரிப்பில் அம்மா பயந்துபோனாள். விஷயத்தைச் சொன்னதும், “அம்புட்டுத்தானா? அந்தச் சக்கரத்துக்கு ஒரு முட்டுக் குடேன்,” என்று மருந்து முக்காத வெள்ளைக் குச்சி ஒரு பிடி எடுத்து வந்து, வளைவில்லாத ஒன்றைத் தேடிப் பொறுக்கித் தந்தாள்.

குச்சியை ஒடித்துச் சக்கரத்தின் ஓரத்தில் செருகினேன். சக்கரம் அசையவில்லை. படத்தைக் கிட்டே பார்க்க வேண்டுமென்றால் இடது கையால் கீபோர்டில் தட்டிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்கத் திரை சுவரில் மாட்டிய காலண்டர் போல நின்றது.

நாரணாபுரத்துக்காரர் வந்தார். பிரஸ்ஸிலிருந்து நேராக வந்திருந்ததால் தீபாவளி சீசனுக்கு அடித்த சின்னப் பட்டாசு லேபிள்களின் புதுக் கட்டு ஒன்று கையில் இருந்தது. சார் அவருக்குப் பின்னால் நின்றார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முதலாளி குனிந்து என் கையைப் பார்க்கும் வரை.

“அது என்னது, தீக்குச்சியா?”

மருந்தில்லாத குச்சி என்றேன். சக்கரம் சுற்றாமல் இருக்கத்தான் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அவர் கம்பெனி கேட்டில் யார் வந்தாலும் பையைத் தடவித் தீப்பெட்டியை வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

“மருந்து இருக்கோ இல்லையோ, எடுத்துருத்தா. எங் கம்பெனிப் படத்துக்கிட்டக் குச்சி வேணாம்.”

அதில் பேச்சுக்கு இடமில்லை. எனக்கே அது சரியென்றுதான் பட்டது. குச்சியை உருவினேன். சார் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் பார்த்தது போலிருந்தது. விரல் சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்தது; எந்த நொடியும் இழுக்கத் தொடங்கிவிடும்.

முதலாளி மேசைமேல் வைத்திருந்த லேபிள் கட்டைப் பார்த்தேன். ஒரு லேபிள் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எதற்கென்று தெரியாமலே தலையாட்டினார். கம் பாட்டிலை எடுத்து, லேபிளின் பின்னால் தடவி, மவுஸின் இடது பக்கப் பொத்தானில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தேன். சுருக்கமில்லாமல் படிந்தது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் சறுக்கிச் சறுக்கிச் சக்கரத்துக்குப் போன விரல், காகிதத்தின் விளிம்பு தட்டியதும் நின்றுகொண்டது. அதற்குத் தெரிந்த இடம் அது.

அவர் படத்தைப் பார்க்கவில்லை, லேபிளைப் பார்த்தார்.

“வீட்டுல ஒட்டுவீகளோ?”

“ஆமா. அம்மா, அக்கா, நான், மூணு பேரும் ஒட்டினோம்.” காலேஜில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அன்றைக்குச் சத்தமாகவே சொன்னேன்.

“அதான பாத்தேன். ஒத்த இழுப்புல படிஞ்சிருச்சே,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கதவை வடக்கே மாற்றச் சொன்னார். இரண்டு அறைகளைத் தள்ளிப் போடச் சொன்னார். யோசிக்கும்போதெல்லாம் என் விரல் அவர் கம்பெனி லேபிளைத் தடவிக்கொண்டிருந்தது. திரை அசையவில்லை.

அந்த நாற்காலியைச் சார் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. திருத்தம் பார்க்க வருகிறவர்கள் உட்காரட்டும் என்று என் மேசைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குச்சியை எடுக்கச் சொன்னது, முதலாளி கேட்டது, நான் பதில் சொன்னது. முழுதும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

“லேபிளு நேராத்தான ஒட்டின?”