பெயர் போடாத கட்டுரை

பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் தேநீர் கலக்கியவர் அவர். தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வேலை பெர்மிட்டில் வந்தவர். ஒல்லி, எந்நேரமும் ஈரக்கை.

"முதலாளி எங்க பாஸ்போர்ட்டையெல்லாம் பிடிச்சு வெச்சிருக்காரு. பேப்பர்ல எழுதுங்கண்ணே. என் பேரும் கடை பேரும் மட்டும் வேணாம்" என்றார்.

நானும் பெயர் போடாமல்தான் எழுதினேன். ஆனால் ஆள் கண்முன் நிற்கட்டுமே என்று, கிளாஸை நீட்டுமுன் அவர் செய்யும் சின்னப் பழக்கமொன்றைச் சேர்த்துவிட்டேன். படித்தவர்கள் அந்த வரியைத்தான் பாராட்டினார்கள்.

மறுவாரம் போனபோது பரிமாறுபவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எல்லாருக்கும் பாஸ்போர்ட் கெடச்சிருச்சு பாஸ். அவரைத்தான் காணோம். படிச்சவொடனே முதலாளிக்குத் தெரிஞ்சிருச்சுலா, யாருன்னு."

இப்போது கிள்ளானிலோ டெங்கிலிலோ, எங்கே தேநீர் குடிக்கப் போனாலும் கலக்குபவரின் கையைத்தான் முதலில் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் என்னவென்று இங்கே எழுதப் போவதில்லை.