கேசட்டில் அத்தை வைத்த பூ

கல்யாண வீடியோவில் மணமக்களின் முகம் இதயப் படத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம். அதற்கு முன்பு பெயர்களை அட்டையில் எழுதி, அதைப் படம்பிடித்துத்தான் சேர்ப்பார்கள். கணவர் இறந்த மறுவருடம் அத்தை மதுரைக்குப் போய் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கற்றுக்கொண்டு வந்து, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தாள். வீட்டுப் பெண் கடை போடுவதா என்று பெரியப்பா வெகுநாள் அவளோடு பேசவில்லை. வத்திராயிருப்பிலிருந்தெல்லாம் வீடியோக்காரர்கள் கேசட்டோடு வந்து காத்திருக்க ஆரம்பித்ததும், அதே பெரியப்பா, "நம்ம வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

பெரியப்பா மகளின் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. தாலியில்லாதவள் முகூர்த்த நேரத்தில் கண்ணில் படக்கூடாதாம். அத்தையைச் சமையல்கட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். வீடியோ எடுத்தவரிடமும், "அவ படத்துல விழுந்துறக் கூடாதுப்பா" என்று பெரியப்பா சொல்லி வைத்திருந்தார். கேசட்டுக்கு கிராஃபிக்ஸ் போட மட்டும் அத்தை வேண்டியிருந்தது.

கேசட் தயாரானதும் சம்பந்தி வீட்டாரை அழைத்துக் கூடத்தில் டிவி போட்டோம். தாமரை விரிந்தது, உள்ளே அக்காவும் அத்தானும். தாலி ஏறிய மறுநொடி அவர்களுக்குப் பக்கத்தில் சுழன்று வந்து நின்றது அத்தையின் முகம். நெற்றியில் குங்குமம், தலை நிறைய மல்லிகை. தன் பழைய போட்டோ ஒன்றைச் சேர்த்து, இரண்டையும் கம்ப்யூட்டரில் வரைந்திருந்தாள்.

பெரியப்பா பாய்ந்து டிவியை அணைத்தார். "ஏட்டி, சம்பந்தக்காரவிய முன்னால மானத்த வாங்குதியா? அத வெட்டி எறி!"

"வெட்ட மாட்டேன்ணே. சமையக்கட்டுல உக்கார வச்சிய, உக்காந்தேன். கம்ப்யூட்டர் என் மெஷின். இதுல நான் எங்க நிக்கணும்னு நான்தான் சொல்லுவேன்."

"வேற ஆள வச்சு வெட்டிருவேன்."

"வெட்டிக்கோங்க. எங்கிட்ட இன்னொரு காப்பி இருக்கு."

அத்தையே எழுந்துபோய் டிவியைப் போட்டாள். கடைசிவரை ஓடியது.

மறுநாள் முன்னறையைக் காலி செய்யச் சொன்னார் பெரியப்பா. அத்தை கம்ப்யூட்டரை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியறைக்குப் போனாள். வீடியோக்காரர்களும் பின்னாலேயே போனார்கள். பிறகு அந்த அறை போதாமல் பக்கத்து அறையையும் பிடித்து, வேலைக்குப் பெண்களை வைத்துக்கொண்டாள்.

பெரியப்பாவுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று அன்று சின்னப் பிள்ளையான எனக்கு விளங்கவே இல்லை. கம்ப்யூட்டர் பூ வாடாது, அதனால்தான் அத்தை நிஜப் பூவைத் தொடுவதில்லை என்று நினைத்தேன். எனக்கும் அதே மாதிரி வைத்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டே அவள் பின்னால் மாடிப்படி ஏறினேன்.